மூன்றரையால் வகுத்தல்

கத்தரிக்காய் கிலோ முன்னூற்றைம்பது என்றார்.
மூன்றரையால் வகுத்தேன். நூறு.
நூறு ரூபாய்க்கு அங்கே நான் கத்தரிக்காய் வாங்கியதே இல்லை.
கால் கிலோ போதும் என்றேன்.
வந்து நான்கு மாதம்.
மத்திய வீதியில் எந்தப் பொருளும்
ஒற்றை விலையோடு என் கைக்கு வந்ததில்லை.

"ஒரு கவர் குடுங்கண்ணே."
"கவரோ? ஷொப்பிங் பேக்கோ?
நீங்கள் இந்தியாவோ?"
வாழவந்தான்கோட்டைச் சந்தையில்
"சிலோனாம்மா?" என்று கேட்டவரும்
இவரைப் போலவே நல்ல மனிதர்தான்.
இரண்டு பேரும் பச்சைமிளகாய் சும்மா போட்டார்கள்.

கச்சேரியில் தந்த படிவத்தில்
'தாயகம் திரும்பியோர்' என்றிருந்தது.
திரும்ப வேண்டுமென்றால் முதலில் போயிருக்க வேண்டும்.
நீ பிறந்தது முகாமின் நான்காம் லைன்.
நான் ஒன்பதாம் லைன், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்.
வாழ்க்கையில் முதன்முறையாக விமானம் ஏறி
நாம் திரும்பினோம்,
ஆளுக்கு முப்பது கிலோ.
என் முப்பதில் நாலரை, சேலை சுற்றிய மிக்ஸி.

உன் அப்பா சொன்ன அடையாளம் சரியாகவே இருந்தது:
முடக்கு, மதகு, இரட்டைப் பனை.
வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம்.
உள்ளே யாருடையதோ நாய் குரைத்தது.
அதன் மேல் என்ன தப்பு.
மூன்று சில்லு வண்டிக்காரர் திருப்பவா என்று கேட்டார்.
திருப்பச் சொன்னாய்.

பாலையூற்றில் எடுத்த அறையில்
சுவரெல்லாம் சதுர ஓட்டைகள்.
மிக்ஸியின் கால்கள் உருண்டை.
முதல் மூன்று வாரம்
தேங்காயை ஒருத்தி இரவல் தந்த அம்மியில் அரைத்தேன்.
பிறகு நீ பிளக்கை வெட்டிப் புதிது பூட்டினாய்.
பச்சை வயரை எங்கே முறுக்குவது என்று தெரியாமல்
அப்படியே விட்டுவிட்டாய்.
தொட்டால் இன்னும் லேசாகக் கடிக்கிறது.
செருப்புப் போட்டுக்கொண்டு சட்னி அரைக்கிறேன்.

உப்புவெளியில் ஹோட்டல் சுவருக்கு நிறமடிக்கிறாய்.
மேஸ்திரிக்குத் தமிழ் வராது.
சுது, நில், கஹ என்று
வெள்ளை நீலம் மஞ்சளைச் சொல்லிக்கொண்டே
மண்ணெண்ணெய்த் துணியால் முழங்கை துடைக்கிறாய்.
என் பாடம் உன்னுடையதைவிடக் கஷ்டம்.
எனக்குத் தமிழ்.
அம்மா கதவைச் சாத்திவிட்டுச் சொன்ன சொற்களை
இங்கே பஸ் கண்டக்டர் தெருவுக்கே கேட்கக் கத்துகிறார்:
கெதியா, கெதியா, உள்ளுக்குப் போங்கோ.
பள்ளிக்கூட வாசலில் நான் கழற்றி வைத்துவிட்டுப் போனவை அவை.
பக்கத்து வீட்டு யோகமலரிடம்
"உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்" என்றேன்.
முகம் சுருங்கிவிட்டது அவருக்கு.
என்ன பிழை செய்தேன் பிள்ளை, ஏன் பேசப்போகிறாய் என்றார்.
தண்ணீர் வரும் நேரம் கேட்கத்தான் போயிருந்தேன்.

ஒன்று மட்டும் இருவருக்கும் இன்னும் போகவில்லை.
மாலை ஆறு மணி ஆனால் கால் வீட்டுக்கு இழுக்கும்.
அங்கே செக்கிங் நாளில்
அதிகாரி நோட்டைத் திறக்கும்போது
தலை இருந்தாக வேண்டும்.
இல்லாத தலைக்கு உதவித்தொகை இல்லை,
கேள்வி மட்டும் உண்டு.

போன ஞாயிறு டச்சு பே கடற்கரையில்
ஆறு மணிக்கு நீ எழுந்து மண்ணைத் தட்டினாய்.
நானும் செருப்பைத் தேடினேன்.
அப்புறம் நீயே கேட்டாய்:
"யார் எண்ணப் போறாங்க?"
உட்கார்ந்தோம்.
ஏழு ஆயிற்று. சுண்டல்காரர் விளக்கை அணைத்தார்.
ஏழரை. யாரும் வரவில்லை.
ஒரு மாதிரி பயமாகக்கூட இருந்தது.
"ஒன்று" என்றாய் இருட்டில்.
"இரண்டு" என்றேன்.
"மிக்ஸி?"
"அதுக்கு இன்னும் கார்டு வரலை."

கோட்டைப் பக்கம் நடந்து வரும்போது
தெருவிளக்கின் கீழ் ஒரு புள்ளிமான்
குப்பைத்தொட்டிக்குள் தலையை விட்டிருந்தது.
தலை வெளியே வந்தபோது வாயில் ஏதோ பளபளத்தது.
"ஐயோ, ஷொப்பிங் பேக்கைத் தின்னுது, பிடுங்கு பிடுங்கு" என்று
நான்தான் கத்தினேன்.
மான் ஓடிவிட்டது.
நீ நடுத்தெருவில் நின்று சிரித்தாய்.
எதற்கென்று
வீட்டுக்கு வந்து கதவைத் திறக்கும்போதுதான்
எனக்கு விளங்கியது.