தோலுக்கு ஒரு விரல் முன்னால்

ஹஜிமே என்றால் தொடங்கு.
யாமே என்றால் நில்.
இடையில் இரண்டு நிமிடம்,
எட்டு மீற்றர் சதுரம், பல்லுக்குக் காப்பு,
மூலைக்கொரு கதிரை, கதிரைக்கொரு கொடி.
கோட்டுக்கு வெளியே கால் பட்டால்
ஒரு எச்சரிக்கை கிடைக்கும்.
நாங்கள் மீளக்குடியேறின வருடம்
வளவுக்குப் பின்னால் கட்டியிருந்த மஞ்சள் நாடா
எவருக்கும் எச்சரிக்கை கொடுத்ததில்லை.

கிளிநொச்சி உள்ளக அரங்கு. மாகாணப் போட்டி.
மின்விசிறி புழுதியைத்தான் சுற்றிக்கொண்டிருந்தது.
நான் இப்போது ஆடுவதில்லை,
நீலக் கோட்டுப் போட்ட நடுவர்.
ஆடிய பன்னிரண்டு வருடமும்
ஒன்றைத்தான் பழகினேன்:
முழு வேகத்தில் போய்
தோலுக்கு ஒரு விரல் முன்னால்
கையை மீட்டுக்கொண்டு வருவது.
எதிரே நிற்பவளின் இமை காற்றில் அசையவேண்டும்,
மூக்கு அசையக் கூடாது.
அதற்குத்தான் இரண்டு வெள்ளி, ஒருமுறை தங்கம்.

மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை
மாங்குளம் - மல்லாவி வீதியில்
ஸ்கூட்டிக்குக் காற்றுப் போய்விட்டது.
உருட்டிக்கொண்டு போகிறேன். பொழுதும் பட்டுவிட்டது.
பாலைமரம் நிற்கிற மதகடியில் அவன்.
குனிந்து வணங்கவில்லை,
எடைப் பிரிவு கேட்கவில்லை.
எனக்கு ஒரு கை ஹாண்டிலில்.

மற்றக் கை போனது.
நல்லாய்த்தான் போனது,
இடுப்புத் திரும்பி, குதிக்கால் கிரவலில் பதிந்து.
எந்த நடுவரும் கொடி தூக்கியிருப்பார்.
அவன் மூக்குக்கு ஒரு விரல் முன்னால்
நின்றது.
நானும் நின்றேன்.
யாராவது யாமே சொல்லட்டும் என்று
அந்த விசர் உடம்பு காத்துக்கொண்டு நின்றது.

அவன் சிரித்தான்.

பிறகு நடந்தவற்றுக்கு
எந்தப் பட்டித் தேர்விலும் பெயரில்லை.
பல். திறப்பு. ஒரு பிடி கிரவல்.
ஒரு செருப்பை விட்டுவிட்டு ஓட்டம்.
கேட்ட சத்தம் என்னுடையதென்று
அடுத்த மதகு தாண்டித்தான் விளங்கியது.
அறுவடைக்கு நின்ற வயலில் காவல் கிடந்தவர்கள்
யானை இறங்கிவிட்டதென்று நினைத்து
ஆனைவெடி கொளுத்தினார்கள்.
அவன் காட்டுக்குள் பாய்ந்தது அந்த வெடிக்கு.
என் தங்கத்துக்கு இல்லை.

பொலிஸில் எழுதியவர் பேனையை வைத்துவிட்டுக் கேட்டார்:
"கராத்தேக்காரி எண்டு சொல்லுறியள்.
பிறகேன் ஓடினனீங்கள்?"

இன்று இறுதிப் போட்டி.
விசுவமடு நிலாயினி, எதிரில் டிலக்சனா.
கடைசிப் பத்துச் செக்கன்.
நிலாயினியின் கை போனது,
போய்க்கொண்டே இருந்தது.
நீல விரிப்பில் இரத்தம்
முதலில் கறுப்பாய்த்தான் தெரிந்தது.

யாமே என்றேன். பிந்திவிட்டது.

அவளுடைய ஆட்கள் கத்தினார்கள்.
அவள் கத்தவில்லை. தன் கையைப் பார்த்தபடி,
"மிஸ், கை நிக்கேல்லை," என்றாள்.

எனக்கு வயிற்றுக்குள் ஏதோ புரண்டது.
அந்தக் கையை, ஒரு மாலைக்கு மட்டும்,
இரவல் கேட்டிருப்பேன்.
ஆனால் டிலக்சனாவின் மூக்கு
எவருடைய மதகடியும் இல்லை.
அவள் நம்பித்தான் முகத்தைக் கொண்டுவந்து வைத்தாள்,
நிற்கும் என்று நம்பி.
தகுதியிழப்பு என்று கையைக் காட்டினேன்.
சரியாகத்தான் காட்டினேன்.
படிவத்தில் காரணம் என்ற இடத்தில்
"கட்டுப்பாடு இல்லை" என்று எழுதி,
வெட்டி,
பிறகும் அதையே எழுதினேன்.

ஆறரைக்குப் புதுக்குடியிருப்பு பஸ்.
இரண்டு பேருக்கும் அதுதான்.
பஞ்சு அடைத்த மூக்கோடு டிலக்சனா
யன்னலோரம் சீற் பிடித்து வைத்திருந்தாள்.
நிலாயினி ஏறி, தங்கப் பதக்கத்தைக் கையில் வாங்கி,
பாரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

பஸ் இழுத்தது.
நான் ஸ்கூட்டியின் பின்சில்லை
பெருவிரலால் அமத்திப் பார்த்தேன்.
இன்னொரு தரமும் பார்த்தேன்.