ஒன்பதைத் தலைகீழாய்

தகரப்பலகையில் எண்கள் மாட்டுவதும்
மைக்கில் பேசுவதும் நான்தான்.
ஆட்டத்துக்கு இருநூறு ரூபாய், கட்டன்சாயா தனி.

வள்ளவிளை கடலலைக் கழகம்
இந்தப் பருவம் பதினைந்து ஆட்டம் ஆடியது.
பதினான்கு தோற்றோம். ஒன்று மழையில் நின்றது.
மழை வரும்போது நாங்கள் இரண்டு கோல் பின்னால்.
அந்த மழைக்காகச் செயலாளர்
குருசடியில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினார்.

எங்கள் பக்கத்துச் சுழியம் ஆணியோடு துருவேறிவிட்டது.
கழற்ற வேண்டிவந்த சில நாட்களில்
கல்லெடுத்துத் தட்டினேன்.
எதிர்ப்பக்கத்துக்கு மாட்ட ஆறாம் எண் கிடையாது,
வேண்டிவரும் என்று யார் கண்டது?
பொழியூர்க்காரர்கள் வந்த அன்று
ஒன்பதைத் தலைகீழாய் மாட்டினேன்.
கடல்காற்றில் அது மெல்லத் திரும்பி
ஒன்பதாகவே ஆனது.
ஒருத்தரும் மறுத்துப் பேசவில்லை.

சட்டையில் நெஞ்சுக்கு நேரே
ஐஸ் கம்பெனியின் பெயர் இருந்தது.
ஐந்தாம் தோல்விக்கு மறுநாள் முதலாளி ஆளனுப்பினார்,
கொடுத்த பணத்தைக் கேட்டல்ல,
பெயரைக் கேட்டு.
ததேயுஸின் மனைவி லூர்து ஃப்ளோரா
பதினெட்டுச் சட்டையிலும் பிளேடால்
எழுத்தெழுத்தாகச் சுரண்டினாள்.
சுற்றிலும் துணி வெளுத்துப்போய்
இப்போது வெயிலில் நின்றால்
பழைய நீலத்தில் அதே பெயர்.

கானாவிலிருந்து கூலிக்கு வந்த க்வாபெனா
ஏழு ஆட்டம் ஆடினான்.
நான்குக்குக் கொடுத்தோம்.
மூன்றுக்குப் பதில்
ஒரு பொதி சூரைக் கருவாடு கட்டிக்கொடுத்தோம்.
களியக்காவிளை பஸ்ஸில்
பூட்ஸைக் கழுத்தில் மாலையாய்ப் போட்டுக்கொண்டு
பொதியை மடியில் வைத்து அவன் சிரித்தான்.
திட்டியிருக்கலாம்.

பிறகு கிளீட்டஸும் அவன் தம்பியும்
கொச்சியில் படகேறிவிட்டார்கள். நாற்பது நாள் தங்கல்.
வலையில் ஒன்றும் ஏறாவிட்டாலும்
படகில் சோறு உண்டு என்றான் கிளீட்டஸ்.
அதற்கு மைக்கில் என்ன பதில் சொல்வது.

முதல்நாள்
தூண்டில்வளைவுக் கல்லெல்லாம் தலையாக இருந்தது.
கடைசிநாள் எண்ணினேன்: நாற்பத்தொன்று,
நாயைச் சேர்க்காமல்.
மூலைக்கொடிக்குப் பக்கத்தில் மிக்கேலடிமை.
ஒரு டிக்கெட்டும் விடாமல் வாங்கி
கோல்கீப்பர் ஆன்சலத்தின் ஏழு தலைமுறையையும்
ஒவ்வொரு வாரமும் வரிசைமாறாமல் ஏசுகிறவர்.
அன்று ஆறாம் தலைமுறையில் நிறுத்தினார். தொண்டை கட்டியிருந்தது.

அன்றைக்கு, குளச்சலுக்கு எதிராக,
இடைவேளையில் நாங்கள் ஒன்று, அவர்கள் சுழியம்.
கல்லைத் தேடி ஓடினேன்.
திரும்பிவந்து மைக்கைப் பிடித்தால்
வாயில் வார்த்தை இல்லை.
ஜெயிக்கிற பக்கத்துக்கு
நான் எதையும் தயாரித்து வைத்திருக்கவில்லை.
"பைக் சாவி ஒன்று கிடைத்திருக்கிறது,
உரியவர் வந்து பெற்றுக்கொள்ளவும்" என்றேன்.
அதற்குத்தான் அந்த நாற்பத்தொரு பேரும் கைதட்டினார்கள்.

பிறகு மூன்று வாங்கினோம்.

ராத்திரி பந்தலுக்கடியில் பரோட்டா.
மைக்கை அணைக்க மறந்துவிட்டேன்.
கோயில் பக்கத்துப் புனல் ஸ்பீக்கரில்
ஊர் முழுக்கக் கேட்டிருக்கிறது
ஆன்சலத்தின் குரல்:
"மூணாவது என் பிழைதான் மக்களே.
அவன் கண்ணு இடப்பக்கம் பாத்துது,
நான் கண்ணை நம்பிட்டேன்."
கொஞ்சநேரம் எலும்பு கடிக்கிற சத்தம்.
யாரோ, "லேய், சால்னா மிச்சம் உண்டா?"
அப்புறம் எதற்கென்று தெரியாத ஒரு சிரிப்பு,
பதினோரு பேரும், நானும்,

கடற்கரை ரோட்டில்
ஒவ்வொரு வீடாய் விளக்கு எரிந்தது என்கிறார்கள்.
மிக்கேலடிமை சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு
நேரே பந்தலுக்கு வந்தார்.
விட்டுப்போன ஏழாம் தலைமுறையைச் சொல்லி முடித்தார்.
ஆன்சலம் நகர்ந்து இடம்விட்டான்.