கவுண்டரின் உயரம்

பீடோர் கடைத்தெருவில்
எங்கள் அடகுக்கடைக் கவுண்டர் ஆறடி.
உள்ளே மூன்று படி ஏறி உட்காருவேன்.
கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து
முகம் எட்டாது;
வகிடும் கையும்தான்.

செம்பனை முள் ஏறிய விரல்களை
நிறுக்காமலே தெரியும்.
பள்ளி திறக்கும் வாரம் தோடு,
மார்ச்சில் அதே தோடு.

ரஃபிக்குல் வாசலோடு நின்றுவிட்டான்.
சங்கிலி இருக்கிறது,
பாஸ்போர்ட் குத்தகைக்காரரிடம்.
அவரோ எதிரே
பாதிச் சாலையை அடைத்து ஹைலக்ஸை நிறுத்தி
கண்ணாடியை இறக்காமல் ஹாரன் அடிக்கிறார்.
மீ கோரேங் பொட்டலம்
ஓடி வருகிறது.

இன்று மூடும் நேரத்தில் ஒரு கை.
கட்டைவிரல் நகம் பிளந்தது.
நான்காம் ஆண்டில்
அழிப்பானைக் கடித்துப் பாதி தந்த
குணவதியின் கை.

"ஐசி" என்றேன்.
தந்தாள்.
தெரியாத பெயரைப்போல
எழுத்துக்கூட்டி எழுதினேன்.
நானூற்று இருபது வெள்ளி.
"இன்னும் ஒரு அம்பது போடுங்கம்மா."

அம்மா என்றாள்.

படியிறங்கி வெளியே வந்தால்
தாப்பா பஸ்ஸுக்கு நிற்கிற எல்லாரும்
என் உயரம்.
பெஞ்சில் நகர்ந்து
இடம் விட்டாள் குணவதி.

நான் நின்றுகொண்டேன்.