மூன்று மடங்கு மணல்

சம்மனசுக்கு எடை நாற்பத்தொன்று.
ரேஷன் கடைத் தராசில் ஏற்றி நிறுத்தினேன்,
அட்டைச் சிறகோடு.
"பறக்கப்போறவளுக்கு எதுக்கு அண்ணே எடை?"
பெல்சியா சிரித்தாள்.

இரண்டு மாத விடுப்பில் வந்தவன் நான்.
வளைகுடாவில் ரிக்கர் வேலை:
கனமானதைத் தூக்குவது,
தூக்கியதன் அடியில் யாரும் நிற்காமல் பார்த்துக்கொள்வது.
இங்கே, முட்டத்தில்,
திருவிழா நாடகத்துக்கு ஒரு சம்மனசைத் தூக்க வேண்டுமாம்.

கிளீற்றஸ் கொண்டுவந்தது
அவன் அப்பாவின் வள்ளத்துக் கயிறு.
"சுறாவையே இழுத்ததாக்கும் மக்கா,
ஒரு பிள்ளையை இழுக்காதா?"
இழுத்திருக்கும், அப்போது.
அதற்குப் பிறகு இரண்டு வருட வெயில்
ஓட்டுக்கூரை மேல் கிடந்து குடித்திருக்கிறது.
முறுக்கைப் பிரித்தேன்.
உள்ளே மாவு.

சொன்னால் யார் கேட்கிறார்கள்?
நாற்பத்தொன்றை மூன்றால் பெருக்கி
சாக்குகளில் கருமணல் அள்ளினோம்.
மேடையைக் காலி செய்யச் சொன்னேன்.
பத்தடி உயரத்தில்
கயிறு சத்தமே போடவில்லை.
சத்தம் போட்டது பலகை.

இரண்டு பலகை பிளந்து
மணல் பரவிய இடத்தில்
சாக்பீஸ் வட்டம் ஒன்று பாதி தெரிந்தது.
பெல்சியா நிற்கவேண்டிய இடம்.
அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.
கிளீற்றஸ் தானே பைக்கை எடுத்தான்,
குளச்சலுக்கு.

புதுக்கயிறு இரண்டு.
"ரெண்டாவது எதுக்குலே?"
முதலாவது அறுந்தால்.
"அறுந்தா?"
ஆமாம், அறுந்தால்.

பிறகு ஒரு சொல்.
"நிறுத்து."
யார் சொன்னாலும் நிற்கும்.
டீ கொண்டுவருகிற பையன் சொன்னாலும்.
அதனால் வசனத்தில் அது வரக்கூடாது.
லூசிபராக நடிக்கும் டிக்சனுக்குத்தான் வருத்தம்:
"நிறுத்து உன் ஆணவத்தை"
என்பதுதான் அவனுக்குக் கைதட்டல் வாங்கும் இடம்.
"அடக்கு" என்று மாற்றினோம்.
இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ராத்திரி பதினொன்றேகால்.
மணலில், மதிலில், பாறைமேல் சனம்.
வெளிச்சவீட்டின் ஒளி ஒருமுறை தடவிப் போனது.
ஆறடி ஏறினாள். விசில்.
ஏழாவது அடியில்
"நிறுத்து" என்றாள்.
கழுத்து மைக்கில்.
ஊர் முழுக்க.

நிறுத்தினேன்.
திரைமறைவில் கிளீற்றஸ்
ஏத்து, ஏத்து என்று கையால் கெஞ்சினான்.
சாண் சாணாக இறக்கினேன்.
தோற்றுக் கிடந்த லூசிபர்
ஒரு கண்ணைத் திறந்து
"மிதிக்கலியா?" என்றான்.
அவள் நடந்து போய் மிதித்தாள்.
ஊளையிட்டார்கள்.
யாரோ செருப்பு எறிந்தார்கள், ஒற்றைச் செருப்பு.

அவிழ்க்கும்போது பார்த்தேன்:
சிறகின் கம்பி ஒன்று
இடுப்புக் கொக்கியின் நாக்கை
பாதி நெம்பியிருந்தது.
இரண்டு கயிறும் வந்து சேருகிற ஒரே கொக்கி.
இரண்டு கயிறு வாங்கியவன்
இரண்டு கொக்கி வாங்கவில்லை.

கொக்கியைச் சரிபார்த்தது ஒன்பது மணிக்கு.
சிறகு மாட்டியது பத்தரைக்கு.
அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.
குறிப்பேட்டில் எழுதினேன்.
கை நடுங்கியதால் கையெழுத்து
அவளுடையது மாதிரி இருந்தது.

சுக்குக்காப்பியை ஊதிக்கொண்டே
"இடுப்புல என்னமோ இளகினது மாதிரி இருந்துச்சு,
அவ்வளவுதான்" என்றாள்.
கூச்சமாக இல்லையா என்று கேட்டேன்.
"இருந்துச்சு."

மறுநாள் அவளுக்கு ஊர் வைத்த பேர்
நடராஜ சம்மனசு.
நடந்தே வந்ததால்.
சின்னப்பிள்ளைகள் ஒருபடி மேலே போய்
ரோட்டில் போகிற எல்லா வண்டியையும் பார்த்து
"நிறுத்து!" என்று கத்தின.

ஐஸ் ஏற்றிவந்த மினிலாரி ஒன்று
உண்மையிலேயே நின்றது.
ஓட்டுநர் இறங்கி,
டயரைக் குனிந்து பார்த்தார்.