இரண்டு மண்

சாமளாபுரத்தில் கரண்ட்டு தறியைக் கேட்டுத்தான் வரும்.
பகலில் நூற்றெழுபது.
ராத்திரி எட்டுக்கு ஷிப்ட் மாறி
தெருத் தறியெல்லாம் ஒரு சேர மூச்சை விட்டால்
இருநூற்றறுபது.
ஸ்டெபிலைசர் டக்கென்று ஒரு சொல் சொல்லும்.
கையை எடுத்துக்கொண்டு காத்திருப்பேன்,
அட்லாண்டாவில் யாருக்கோ முழங்கால் அறுத்த பில்
பாதியில் நிற்க.

முதல் ரவுட்டர் ஆடிக்காற்றில் போனது.
நியூட்ரல் அறுந்தால் பல்பு முதலில் அழகாகிவிடும்,
வெள்ளையோ வெள்ளை.
அப்புறம் டீவி ஒரு முனகல் முனகியது.
ரவுட்டர் அதுகூட இல்லை.

அதன் பிறகுதான் சோப்பு டப்பா அளவில்
பன்னிரண்டு வோல்ட் யூபிஎஸ்,
மெயினில் பச்சைக்கண் வைத்த சர்ஜ் புரொடெக்டர்.
எலக்ட்ரீசியன் திருமூர்த்தி எர்த் குழியைப் பார்த்துவிட்டு
"ஏனுங்க அக்கா, இது குழிங்களா, கோழி சீச்ச எடமுங்களா?"
ஆறடி தோண்டிக் கரியும் உப்பும் அடுக்கினான்.
"கோடையில தெனமும் ஒரு கொடம் தண்ணி ஊத்தோணுமுங்க."
செம்பருத்திக்கு இல்லாத நாளிலும் குழிக்கு ஊற்றினேன்.

மாதாந்திர நிறுத்தத்தன்று பெருமையாக உட்கார்ந்தேன்.
பதினொன்றரைக்கு ஒரு விளக்கு சிவந்தது.
எங்கள் டப்பாவுக்கு உயிர் இருந்தது,
தெருமுனைக் கேபிள்காரர் பெட்டிக்கு இல்லை.

சுவரை யாரும் யோசிக்கவில்லை.
பாகம் பிரித்த வருஷம் எழுப்பியது, ஒன்பதடி.
அதன் மேல் ஒரு சாம்பல் நிற வயர்.
பேச்சு நின்ற பிறகும் அதை யாரும் அவிழ்க்கவில்லை.
கொழுந்தனார் மகள் பிரதிக்ஷா
நீட்டுக்குப் படிப்பது அதில்தான்.
நான் ரவுட்டரை அணைத்தால்
அந்தப் பக்கம் ஒரு இருமல் கேட்கும்.
போட்டுவிடுவேன்.

சித்திரை இடி அவர்கள் தென்னையில் இறங்கியது.
காலையில் பச்சைக்கண் பச்சையாகவே இருந்தது.
யூபிஎஸ் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி.
ரவுட்டரில் ஒரே ஒரு துளை மட்டும் கருகியிருந்தது,
சாம்பல் வயர் நுழைகிற துளை.
அங்கேயும் அப்படித்தானாம்.
இரண்டு கேட்டுக்குள்ளும் நடக்கக்கூடியவன்
திருமூர்த்தி ஒருவன்தான்; அவன் சொன்னான்.

"ரெண்டு வீட்டுக்கும் ரெண்டு எர்த்துங்க அக்கா.
இடி எறங்கறப்ப உங்க மண்ணும் அவங்க மண்ணும்
ஒரே ஒசரத்துல இருக்காதுங்க.
நடுவால செம்பு கெடந்தா
அதுல பாஞ்சுதான் சமன் பண்ணிக்கும்."

சர்வேயர் கல் நடும்வரை
ஒரே மண்ணாகத்தான் இருந்தது என்று
அவனிடம் சொல்லவில்லை.

"கண்ணாடி இழை போட்டுக்கலாமுங்க.
வெளிச்சம் மட்டும் போகும்,
வேற ஒண்ணும் போகாது."
இரண்டாயிரத்து எண்ணூறு ஆனது.
மறுநாள் கேட் கம்பியில் ஒரு கவர் செருகியிருந்தது.
ஐந்நூறு இரண்டு, நூறு நாலு.
பேர் எழுதவில்லை.

எட்டு மணிக்குத் தறிகள் அடங்கின.
ஸ்டெபிலைசர் தன் சொல்லைச் சொன்னது.
அந்தப் பக்கம் இருமல் இல்லை,
குடம் கவிழ்க்கிற சத்தம் கேட்டது,
மண் குடிக்கிற சத்தமும்.
அவர்கள் குழி எங்கே இருக்கிறதென்று
இத்தனை நாள் எனக்குத் தெரியாது.
சுவரை ஒட்டித்தான் போலிருக்கிறது.