கசிவு: இயல்பானது

வைகெ என்றால் அவர்கள் மொழியில் அமைதி.
பெயர் வைத்தவர்கள் எப்படி அறிவார்கள்,
ஐம்பத்தொரு வயதில் அவள் நெஞ்சுக்குள்
கரியால் செய்த இரண்டு அரைநிலாக்கள்
டிக் டிக்கென்று சாத்திக்கொள்ளும் என்று.

பனி இளகும் வாரத்தில், வருடம் ஒருமுறை,
சாரெமா தீவிலிருந்து படகும் பேருந்துமாக
தார்த்து மருத்துவமனைக்கு வருகிறாள்.
இடப்பக்கம் திரும்பிப் படுக்கிறாள்.
பசை தடவுகிறேன். குளிருது, என்கிறாள்.
பதினான்கு வருடமாக அதே சொல்.

திரையில் முதலில் விழுவது நிழல்.
வால்வைத் தாண்டி ஒலி போகாது;
அதன் பின்னால் எது இருந்தாலும் எனக்குக் கறுப்பு.
சாய்த்து, விலா இடுக்கில் துழாவி, பிடித்துவிடுகிறேன்:
கதவிரண்டும் திறக்கின்றன, மூடுகின்றன.
மூடிய பிறகும் ஓரத்தில் மெல்லிய பீறல்கள்.
பயிற்சிக் காலத்தில் அதைப் பழுதென்று எழுதி, அடித்தேன்.
இரத்தம் தேங்கினால் உறையும்;
தன்னைத் தானே கழுவிக்கொள்ள
வேண்டுமென்றே விட்டுவைத்த கசிவாம் அது.

பறவைக் காலில் வளையம் மாட்டுவது அவள் வேலை.
வலையில் அகப்பட்ட சிட்டு உள்ளங்கையில் இருக்கையில்
அதன் துடிப்பை எண்ண முடியாது.
தன்னுடையதை எண்ணாமல் இருக்க முடியாது.
கடற்காகம் கொத்தினால்தான் வம்பு,
அரைமணி நேரம் நிற்காது.
மாலை ஏழுக்கு வார்ஃபரின்.
கீரை தின்ற வாரம் ஒரு அளவு, தின்னாத வாரம் வேறு.

இதே கட்டிலில் அவளுக்கு முன் ஆர்வோ.
பால்பண்ணை வைத்திருக்கிறார்.
அவருடையது மாட்டின் இதய உறையில் தைத்தது.
சத்தமும் இல்லை, ஏழுமணி மாத்திரையும் இல்லை.
எந்தப் பசு என்று கேட்டேன், சொல்ல மாட்டேன் என்றுவிட்டார்கள்
என்பார் ஒவ்வொரு முறையும்.
வால்வைத் தாண்ட இரத்தம் தள்ளும் தள்ளு:
பன்னிரண்டு. பதினான்கு. போன வருடம் இருபத்திரண்டு.
இன்று முப்பத்தெட்டு.
இதழ்களில் சுண்ணாம்பு, கெட்டிலின் அடியில் படிவதுபோல.
எண்ணைச் சொல்வது என் வேலையில்லை.
அவர் என் முகத்தைப் பார்த்தார்.
நான் துடைக்கத் துண்டை நீட்டினேன்.
மருத்துவர் கூப்பிடும்வரை வெளியே உட்காருங்கள், என்றேன்.
கறவைக்குள் போய்விடலாமில்லையா, என்றார்.

வைகெயின் தாளை நிரப்புகிறேன்.
ஐம்பது கோடித் தடவைக்கு மேல் சாத்தியாயிற்று;
அதை எழுத அதில் இடமில்லை.
திறப்பு: முழுமை.
உறைகட்டி: தென்படவில்லை.
நிழலுக்குப் பின்: தெரியவில்லை.
கசிவு: இயல்பானது.

கதவு ஒருக்களித்திருக்கிறது.
பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டு நடைக்குப் போய்
தொப்பியை மடியில் வைத்திருக்கும் ஆர்வோவின் பக்கத்தில்
காலியாக இருந்த நாற்காலியில் அமர்கிறாள்.
அவர் நிமிர்கிறார்,
இந்தச் சுவரில், பிறகு அந்தச் சுவரில்
கடிகாரத்தைத் தேடுகிறார்.