மைனஸ் இருபது நிமிடம்

எல்லை நிபந்தனை என்று பாடத்தில் வரும்போதெல்லாம்
வகுப்பே என்னைத் திரும்பிப் பார்க்கும்.
வாளையார்க்காரி.
முதல் செமஸ்டரோடு அந்த ஜோக் செத்துப்போனது.

நான்காவதில் ப்ராஜெக்ட்.
உன் வீட்டுப் பக்கம் என்ன இருக்கிறது?
சுலோசனா மேடம் கேட்டார்.
லாரி, என்றேன்.
ஓடுகிறதா, நிற்கிறதா?
நிற்கிறது.
அப்படியானால் வரிசைக் கோட்பாடு எடு.

செக்போஸ்ட்டை ஒட்டி அத்தாவின் பஞ்சர் கடை.
அடுக்கிய டயர்மேல் ஏறி உட்கார்ந்தேன்.
நாலு கோடு, குறுக்கே ஒன்று,
கட்டுக் கட்டாக லாரிகள்.
கணவாய்க் காற்று தாளைப் பறிக்கும்,
ஒரு வீல் நட்டை எடுத்து மேலே வைப்பேன்.
நோட்டு முழுக்க வட்ட வட்டமாய் கிரீஸ்.

மணிக்கு நாற்பத்தொன்று வருகிறது.
மணிக்கு முப்பத்தெட்டு போகிறது.
மியூவிலிருந்து லாம்டாவைக் கழி,
வருவதால் ஒன்றை வகு, அவ்வளவுதான்.
வகுத்தேன்.
சராசரிக் காத்திருப்பு: மைனஸ் இருபது நிமிடம்.
அதாவது ஒவ்வொரு லாரியும்
வந்து சேர்வதற்கு இருபது நிமிடம் முன்பே
கிளம்பிப் போய்விடுகிறது.

கொழந்தவேலுவிடம் சொன்னேன்.
நாமக்கல் வண்டி, முட்டை லோடு,
மத்தியானம் இரண்டிலிருந்து நிற்கிறார்.
தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார்:
"அது எந்தக் கம்பெனி லாரிங்க அம்மிணி?
டிரைவர் வேலை காலி இருக்குதான்னு கேளுங்க."

மேடம் சிவப்பு மையில் எழுதினார்:
லாம்டா மிஞ்சினால் வரிசை முடிவிலி.
அனுமானத்தைப் படிக்காமல் சூத்திரத்தைத் தொடாதே.

முடிவிலியைப் பார்க்க மொபெட்டில் போனேன்.
சாவடிப் பக்கம், நாலரை கிலோமீட்டரில் முடிந்துவிட்டது.
கடைசி லாரியின் நிழலில்
ஒரு நாய் படுத்திருந்தது.

விடிவதற்குள் அது எப்படிக் கரைகிறது என்று
எந்த அத்தியாயத்திலும் இல்லை.
தக்காளிக்கு சிமெண்ட் ஒதுங்கும்.
பாலுக்குத் தக்காளி ஒதுங்கும்.
மடித்த நோட்டுக்கு எல்லாமே ஒதுங்கும்.
சிலர் வேலந்தாவளம் வழி திரும்பிவிடுவார்கள்.
ஒருவர் தூங்கிப்போவார், முன்னால் வெற்றிடம் வளரும்,
பின்னால் இரண்டு மொழியிலும் ஹாரன்.
மடித்த நோட்டை
'முன்னுரிமை வாடிக்கையாளர்' என்று எழுதச் சொன்னார் மேடம்.
எழுதினேன்.

புத்தகமும் சாலையும் ஒத்துப்போன இடம் ஒன்றுதான்.
நினைவின்மைப் பண்பு.
எவ்வளவு நேரம் காத்தாய் என்பதற்குக் கணக்கில் இடமில்லை,
ஏற்கெனவே ஆறு மணி நேரம் போனாலும்
இனிக் காக்க வேண்டியது
முதல் நிமிடத்தில் இருந்த அதே அளவு.
நிரூபணம் மூன்று வரி.
கொழந்தவேலு நிரூபணம் கேட்கவில்லை.
"அதேதானுங்க" என்றார்,
தார்ப்பாயைத் தூக்கி முட்டைக்குக் காற்று விட்டார்.

ஜூன் முப்பது நள்ளிரவில் வரி மாறியது.
காலையில் டயர்மேல் ஏறிப் பேனாவைத் திறந்தேன்.
யாரும் நிற்கவில்லை.
குறுக்குக் கோடு போடுமுன்
அடுத்த கட்டு கஞ்சிக்கோடு பக்கம் போயிருந்தது.

எங்கள் வைவா எப்போதும் தாமதம். அந்த வருடம் ஜூலை பதினான்கு.
எண்பத்து மூன்று பக்கம், ஸ்பைரல் பைண்டிங்,
முதல் வாக்கியமே 'தற்போது நிலவும் நெரிசல்'.
வெளித் தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார்.
இந்த வரிசை இப்போது எங்கேம்மா?
அனுமானம் மாறிவிட்டது சார்.
சிரித்தாரா, தும்மலை அடக்கினாரா, தெரியவில்லை.
நூற்றுக்கு எழுபத்தொன்று.

சாயங்காலம் கொழந்தவேலுவுக்குப் போன் போட்டேன்.
பாஸாயிட்டேன்,
வாளையார் வந்தா கடையில சாயா குடிச்சிட்டுத்தான் போகணும்.
மறுமுனையில் காற்று, ஏதோ பாட்டு.
"வாளையாருங்களா?
தாண்டி இருபது நிமிசமாச்சே அம்மிணி."

அத்தா பதினேழாம் நம்பர் ஸ்பேனர் கேட்டார்.
எடுத்துக் கொடுத்தேன்.